கேட் பச்சை

நானூறு ரூபாய்க்கு வாங்கினேன்.
ஹட்டன் ஞாயிற்றுச் சந்தையில்
பழைய சார்ஜர்களுக்கும் ஒற்றைச் சப்பாத்துகளுக்கும் நடுவே
மூக்குக் குத்தி நின்றது.
இரண்டு உள்ளங்கை அகலம், பிளாஸ்டிக் விமானம்.
கேட்டுக்கு அடிக்கிற பச்சையை
கேட்டுக்கு அடிக்கிற பிரஷ்ஷாலேயே
யாரோ அடித்திருந்தார்கள்.
இறக்கையில் ஒரு பிரஷ் மயிர்
செத்த பூச்சியின் காலாய் ஒட்டிக் கிடந்தது.
சில்லு சுற்றவில்லை. விமானியின் கண்ணாடி மூடியும் பச்சை.
"வெளிநாட்டுச் சாமான் தங்கச்சி" என்றார் நிஸாம்தீன் நானா.

தின்னர் ஆகாது.
போன வருடம் ஒரு காரைத் தின்னரில் போட்டேன்,
பெயின்டுக்கு முன்னால் கார் கரைந்தது.
டப்பாவின் அடியில் நான்கு டயர் மட்டும்
எங்கே போவதென்று தெரியாமல்.
பிரேக் ஒயில் கேட்டால் லோகேந்திரன்
அவன் ஆட்டோவை நான் கழற்றப்போவதாகப் பயப்படுகிறான்.
போன் பலகைகளைத் துடைக்கிற ஸ்பிரிட் கடையில் உண்டு;
முதலாளி போத்தலில் கோடு கீறி வைத்திருக்கிறார்.
மிஞ்சியது டெட்டோல்.
தண்ணீர் கலக்காமல், ஐஸ்கிரீம் டப்பா நிறைய.
விமானத்தைவிட அதற்குத்தான் கூடச் செலவு.

இரவு முழுக்க
தொங்கல் காம்பிராவில் மூழ்கிக் கிடந்தது.
காலையில் செபமாலை அக்கா
இஸ்தோப்பில் நின்று மூக்கை உறிஞ்சினாள்:
"யாருக்குடி பிள்ள பொறந்திருக்கு?"

மூடியைத் திறந்தேன்.
பச்சை சுருங்கியிருந்தது,
ஆறின பாலின் ஆடையைப் போல.
உடனே தண்ணீரில் அலசக் கூடாது.
தண்ணீர் பட்டால் உரிந்ததெல்லாம் பிசினாகும்,
விரலில், குழாயில், கதவுப் பிடியில்.
டெட்டோலில் ஊறியதை டெட்டோலால்தான் கழுவ வேண்டும்.
ஒரு பல்பிரஷ்ஷும் ஒரு நல்ல துவாயும்
இதற்காக முன்பே போய்விட்டன.

தேய்க்கிறேன்.
பச்சைக்குக் கீழே இன்னொரு பச்சை,
அதற்கும் கீழே வெள்ளி.
இறக்கையின் அடியில் பேனாவால் ஏதோ எண்,
பதினேழோ எழுபத்தொன்றோ,
வாசித்து முடிக்குமுன் பிரஷ் அதையும் கொண்டுபோனது.
வயிற்றில், பசை காயுமுன் தொட்ட
ஒரு விரலின் ரேகை.
அது பெயின்ட் இல்லை.
பிளாஸ்டிக்கே இளகி வாங்கிக்கொண்டது, போகாது.
என் சுட்டுவிரலை வைத்துப் பார்த்தேன்.
பள்ளத்துக்கு வெளியே வழிந்தது.

கடைசியாகக் கண்ணாடி மூடி.
காதுக்குச்சியால், சுற்றிச் சுற்றி.
பச்சை விலக விலக
உள்ளே
ஒருத்தன் இருந்தான்.

பயறளவு தலை.
கறுப்பு, நம்ம கறுப்பு.
பெட்டியோடு வந்த தாளில் இந்த நிறம் இருந்திருக்காது;
எதையோ எதிலோ கலந்து
அந்தச் சின்ன விரல் கண்டுபிடித்திருக்கிறது.
இரண்டு வெள்ளைப் புள்ளி, அவற்றுக்குள் இரண்டு கறுப்பு.
மூக்கின் கீழ் ஒரு கோடு, மீசை.
ஒரு கண் வானத்தைப் பார்த்தது,
மற்றது இறக்கையை.

எந்த அப்பன், எந்தக் கோபத்தில்
இவன்மேல் டப்பாவைத் திறந்தான்?
கோபமே இல்லாமலும் இருக்கலாம்.
கேட்டுக்கு அடித்து மிச்சம் இருந்தது,
அடித்தான்.

மூடியின் ஓரத்தில் பசை விட்டிருந்தது.
ஒரு துளி டெட்டோல் உள்ளே இறங்கி
அவன் தோளில் வந்து நின்றது.
இன்னும் கொஞ்சம் என்றால் மீசை போகும்.
மூச்சைப் பிடித்துத் தலைகீழாய்த் திருப்பி
பஞ்சால் ஒற்றினேன்.
சட்டையின் நீலம் பஞ்சில் வந்தது.
முகம் நின்றது.

வெள்ளிப் பெயின்ட் வாங்கி வைத்திருந்தேன், புதுப் பிரஷ்ஷும்.
இரண்டும் தட்டில் இருக்கட்டும்.
விமானம் சாம்பல் நிறமாய், பிறந்த மேனியாய்
ஜன்னல் கட்டையில் காய்கிறது.
எட்டரைக்குக் கடை திறக்க வேண்டும்.
விரல் நுனியெல்லாம் வெளுத்து உரிகிறது;
ரேகை பிடிபடாமல்
என் போனே எனக்குத் திறக்க மாட்டேனென்கிறது.

படி இறங்கும்போது அக்கா விடவில்லை:
"சொல்லேன்டி, என்ன பிள்ள?"
"ஆம்பளப் பிள்ள" என்றேன்.
"மீசையோட."
சிரித்தாள்.
பிறகு, மறக்காமல் நூறு ரூபாய்க்கு
ரீலோட் போடச் சொன்னாள்.